மனோரஞ்சிதத்தின் மொறிஸ் மைனரில் இருந்தது எந்த எஞ்சின்

கொன்றையடிச் சந்தியில் நடந்ததை ஒன்பது பேர் வாயிலாகக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்பது பேரும் சொல்லத் தொடங்குமுன் தம்மை அறியாமலே மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், இருவர் இடையில் எழுந்துபோய் வேலியோரம் துப்பிவிட்டு வந்தார்கள், ஒருவர் எனக்கென்று வைத்த தேநீரைத் தாமே அப்பால் நகர்த்திவிட்டார். அவர்களுடைய கதைகள் பல இடங்களில் ஒன்றையொன்று மறுக்கின்றன. ஆனால் ஆனி மாதத்து ஒரு புதன்கிழமை காலை எட்டரை மணியளவில், மனோரஞ்சிதம் என்னும் ஐம்பத்தெட்டு வயதுப் பெண், தான் ஹயருக்கு ஓட்டிவந்த சாம்பல்நிற மொறிஸ் மைனர் காரைச் சந்தியில் நிறுத்தி, ரேடியேற்றருக்குத் தண்ணீர் விடுவதற்காகப் பொனற்றைத் தூக்கியபோது, உள்ளே இருந்த எஞ்சின் இறைச்சியாகியிருந்தது என்பதில் ஒன்பது பேரும் ஒன்றுபடுகிறார்கள்.

அது மாட்டின் நுரையீரல் நிறத்தில் இருந்தது. அதன்மேல் ஈரச் சவ்வு ஒன்று போர்த்திருந்தது. சவ்வின் கீழ் நீல நரம்புகள் ஓடின. விசிறிப் பட்டி உராயும் இடத்தில் தோல் தடித்துக் காய்த்து அதில் நாலைந்து கட்டை மயிர்கள் முளைத்திருந்தன. கார்புரேற்றர் இருந்த இடத்தில் உதடு தொங்கிய வாய் ஒன்று திறந்து மூட, அதன் ஓரத்தால் மண்ணெண்ணெயும் எச்சிலும் கலந்து வடிந்தன. பிளக் நான்கும் இருந்த இடத்தில் நான்கு மஞ்சள் பற்கள் நின்றன. கருகிய எண்ணெய் மணமும் மூன்று நாள் வெயிலில் கிடந்த மீனின் வெடிலும் சேர்ந்து எழுந்தன. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, முன்னைவிடச் சீராகவே ஓடியது.

“சீ!” என்றாள் மனோரஞ்சிதம். தண்ணீரை விட்டாள், பொனற்றைச் சாத்தினாள், பின்னாசனத்தில் இருந்த கர்ப்பிணியை ஆசுபத்திரியில் நேரத்துக்கு இறக்கினாள். அந்தப் பெண்ணும் பின்னாளில் சொன்ன ஒரே குறை, சேலையை மூன்று தரம் தோய்த்தும் மணம் போகவில்லை என்பதே.

இறைச்சி எப்படி வந்தது என்று கொன்றையடியில் எவரும் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது வேறு: இறைச்சியானது எந்த எஞ்சின்? அந்தக் கேள்விக்குக் காரணம் இருந்தது. அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னர்தான் வாகனப் பதிவுக் கந்தோரிலிருந்து கடிதம் வந்திருந்தது. பாதைகள் பூட்டிக் கிடந்த தடைக்காலத்தில் ஊரார் தங்கள் பழைய கார்களுக்குள் கிடைத்த எஞ்சினைப் போட்டு மண்ணெண்ணெயில் ஓட்டியிருந்தார்கள். இப்போது பாதை திறந்துவிட்டதால், பரிசோதகர் ஒருவர் பதினெட்டாம் திகதி வருவார், ஒவ்வொரு காரிலும் உள்ள எஞ்சினை இனங்காண்பார், பதிவுப் புத்தகத்தோடு பொருந்தாத கார் வீதியிலிருந்து நீக்கப்பட்டு உடைக்கப்படும் என்று கடிதம் சொன்னது.

மனோரஞ்சிதத்தின் புத்தகத்தில் எழுதியிருந்தது, அந்தக் காரோடு பிறந்த சைட்வால்வு எஞ்சின். உள்ளே அதுதான் இருக்கிறதா என்பதை அறிந்திருந்த ஒரே மனிதர் அவளுடைய கணவர் பாலேந்திரா. அவர் நெருப்புக்காய்ச்சலில் இறந்துபோய் நெடுநாளாகிவிட்டது. அவர் இறந்தபின் பதினான்கு ஆண்டுகள் அவள் தன் அண்ணன் அம்பிகைபாகனின் வீட்டு அடுப்படியில் கிடந்தாள். விடியுமுன் இடியப்பம் பிழிந்தாள், பகலெல்லாம் அரைத்தாள், விறகு அடுக்கிய அறையில் பாய் விரித்தாள், விருந்தினர் வந்து கறியின் ருசியை மெச்சினால், “உள்ளுக்கு ஆள் நிக்குது” என்று மட்டும் அம்பிகைபாகன் சொன்னார். நாற்பத்தேழாவது வயதில் ஒரு காலை அவள் கொட்டிலிலிருந்த கணவரின் காரைத் தள்ளிக்கொண்டு கராஜ்காரர் மரியநாயகத்திடம் போனாள். அவரிடமே ஓட்டப் பழகினாள். திரும்பி அந்த அடுப்படிக்குப் போகவில்லை. கார் உடைபட்டால் அவளுக்குப் போக்கிடம் அந்த விறகு அறை ஒன்றுதான். இதை அம்பிகைபாகனும் கணக்கில் எடுத்திருந்தார். கடிதம் வந்த மறுநாளே அவர் விறகு அறைக்கு வெள்ளையடிப்பித்தார்.

மரியநாயகம் அன்று பகலே வந்து பொனற்றைத் திறந்தார், முகத்தைத் திருப்பி மூச்செடுத்தார், பிறகு குனிந்தார்.

“பிள்ளை, உந்தக் காருக்குள்ள மூண்டு சாதி எஞ்சின் கிடக்கலாம்,” என்றார். “முதல் வந்தது சைட்வால்வு. அதுக்குத் தலை தட்டை, பிளக் நாலும் மேல பாத்துக்கொண்டு நிக்கும். பிறகு வந்தது எண்ணூற்றுமூண்டு, அதுக்கும் பிறகு தொளாயிரத்து நாப்பத்தெட்டு. அது ரெண்டுக்கும் பிளக் விலாவில. ஒண்டிலயிருந்து மற்றதைப் பிரிக்கிறதெண்டா தகட்டு நம்பரைத்தான் பாக்கவேணும்.”

“தகடு எங்கையண்ணை?”

“விழுங்கிப்போட்டுது.”

“பல்லைப் பாத்துச் சொல்லுங்கோவன். பல்லு மேலதானே நிக்குது?”

“இப்ப மேல நிக்குது. நான் குனியேக்க விலாவில நிண்டது.” அவர் கையைத் துணியில் துடைத்தார், துணியை முகர்ந்தார், துணியை எறிந்தார். “நாப்பது வருசமா எஞ்சின் திறக்கிறன், கை கழுவிறதோட சரி. இண்டைக்குத் தலை முழுகவேண்டிக் கிடக்கு.”

பற்கள் திங்களில் மேலே நின்றன, வியாழனில் விலாவில் நின்றன, வெயில் ஏறினால் ஒன்றும் தெரியாதபடி ஈறுச் சதைக்குள் இறங்கின. ஊர் அதற்கேற்ப இரண்டுபட்டது, ஒரு பாதி சைட்வால்வு என்றது, மறுபாதி எண்ணூற்றுமூன்று என்றது, தொளாயிரத்து நாற்பத்தெட்டு என்று சொன்னவர் துரைசிங்கம் ஒருவர்தான், அவரும் தம் தேநீர்க்கடையில் வாக்குவாதம் ஓயாமலிருக்கவே அப்படிச் சொன்னார் என்று அவருடைய மனைவி சொல்கிறாள். இதற்கிடையில் ஊருக்கு இன்னொரு சங்கடம் வந்தது. கார் இப்போது மச்சம், புலால். செவ்வாயும் வெள்ளியும் விரதம் பிடிக்கிற சைவக்காரர் மச்சத்தில் ஏறிப் போகலாமா? கோயில் முகாமையாளர் இரண்டு நாள் யோசித்து, பின்னாசனத்தில் இருந்தால் தோஷமில்லை, முன்னாசனத்தில் இருந்தால் முழுகவேண்டும், தேரோடும் கிழக்கு வீதியால் கார் வரவே கூடாது என்று தீர்த்தார். வேதக்காரரான கிறிஸ்தவர்கள் பங்கு சாமியாரிடம் போனார்கள். தின்றால்தான் பாவம், ஏறினால் இல்லை என்றார் அவர். “மணம் தொண்டைக்குள்ள இறங்குதே சுவாமி, அது திண்ட கணக்கோ?” என்று ஒரு கிழவர் கேட்க, சாமியார் கைலேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆக வாரத்தில் ஐந்து நாள் எல்லாரும் எந்த ஆசனத்திலும் ஏறினார்கள், மற்ற இரண்டு நாளும் பின்னாசனத்துக்குச் சண்டை பிடித்து ஏறினார்கள்.

அருவருப்பான பகுதி இதற்குப் பின்னரே வருகிறது. எனக்குச் சொன்னவர்கள் இதைத்தான் விரைவாகச் சொல்லிக் கடக்க விரும்பினார்கள். எஞ்சினின் அடியில் மஞ்சளாக ஒரு நீர் கசிந்தது. அது முழங்கால் உளைவுக்கு நல்லது என்று யாரோ சொன்னார். யார் என்று கேட்டால் ஒன்பது பேரும் வேறு ஒருவரைக் காட்டுகிறார்கள். மறுநாள் விடிய, மனோரஞ்சிதத்தின் படலையில் போத்தல்களோடு ஆட்கள் நின்றார்கள். அவர்கள் காரின் கீழே மல்லாந்து படுத்து, சொட்டுக்குச் சொட்டு ஏந்தி, போத்தல் நிறையத் தாமதமானால் சவ்வை விரலால் அழுத்திக் கறந்தார்கள். அழுத்தும்போதெல்லாம் எஞ்சின் ஒரு நடுக்கத்தோடு ஏப்பம் விட்டது. மூவர் அதை நாக்கிலும் வைத்துப் பார்த்ததாக ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் அது உப்பா புளிப்பா என்று கேட்டபோது எல்லாரும் தயங்காமல் விடை சொன்னார்கள்.

உரிமை கேட்டு வந்தவர்கள் அவர்களைவிட மோசம். தடைக்காலத்தில் ஒரு கார் ஓடவேண்டுமென்றால் ஊரே அதற்கு உறுப்பு ஈந்தது. பாலேந்திரா நள்ளிரவு நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஏற்றி ஓடியவர் என்பதால், தபாற்காரர் வீடு சிலிண்டர் தலை கொடுத்தது, மீன்வான்காரர் வீடு பிஸ்ரன் கொடுத்தது, சங்கக்கடை மனேச்சர் வால்வு கொடுத்தார், வேறு வேறு காரிலிருந்து வேறு வேறு எஞ்சினின் துண்டுகள். அன்று எவரும் திருப்பிக் கேட்கிற நினைவோடு கொடுக்கவில்லை. இன்று ஒவ்வொருவராக வந்து பொனற்றுக்குள் தலையை விட்டார்கள்.

“இந்தக் கொழுத்த பக்கம் எங்கட,” என்றார் தபாற்காரரின் மகன், அதைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே.

“உம்மட அப்பர் தந்த தலை வெடிச்ச தலை. ஊத்தை பிடிச்சுக் கிடக்கே, அந்த மூலைதான் உம்மட,” என்றார் மீன்வான்காரர்.

“மச்சான், வாயை அளந்து கதையும்.”

“நான் ஏன் அளக்க? உங்கை வாயொண்டு திறந்துகொண்டு கிடக்கு, அதை அளவுமன்.”

மனோரஞ்சிதம் ஒருவரையும் தடுக்கவில்லை. மாலையில் எல்லாரும் போனபின் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கிள்ளுப்பட்ட இடங்களைப் பழைய பருத்திச் சேலையால் ஒற்றி, ஈக்களை விசிறி, வாய்க்குள் மண்ணெண்ணெய் ஊற்றி, பின்னர் கிணற்றடியில் நின்று ஓங்காளித்தாள் என்று மரியநாயகம் சொல்கிறார்.

பரிசோதகர் வருவதற்கு முதல் நாள், மரியநாயகத்தின் கராஜில் ஊர் கூடியது. அவள் கேட்டது ஒன்றுதான். “புத்தகத்தில சைட்வால்வு. எல்லாரும் சைட்வால்வு எண்டு சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்.” எல்லாரும் தலையசைத்தார்கள். அதை மூன்று தரம் சொல்லிப் பார்த்தார்கள். மூன்று தரமும் சரியாகச் சொன்னார்கள். ஆனால் கொன்றையடியார் ஒரு பொய்யை ஒன்றாகச் சொல்லக்கூடியவர்களே தவிர, தாங்கள் செய்த நன்மையைச் சொல்லாமல் விடக்கூடியவர்கள் அல்லர். அந்தத் தவறை மரியநாயகமும் முன்கூட்டி நினைக்கவில்லை.

பதினெட்டாம் திகதி காலை பரிசோதகர் வந்தார். வெள்ளை நீளக்கைச் சட்டை, கையில் படிவம். பொனற்றைத் திறக்கச் சொல்லி ஒருமுறை எட்டிப் பார்த்தார், இரண்டடி பின்னால் போனார், படிவத்தில் ‘நிலை’ என்ற கட்டத்தில் ‘சற்று ஈரம்’ என்று எழுதினார். பின்னர் ஊராரை ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தார். தபாற்காரரின் மகன் சைட்வால்வு என்றார்; எங்கள் அப்பா கொடுத்த தலையால்தான் அது ஓடியது, அது எண்ணூற்றுமூன்றின் தலை என்றும் சேர்த்துச் சொன்னார். மீன்வான்காரர் சைட்வால்வு என்றார்; தொளாயிரத்து நாற்பத்தெட்டின் பிஸ்ரனை எவர் கொடுத்தார் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். இப்படி இருபத்திரண்டு பேர் ஒரே எஞ்சினைச் சொல்லி இருபத்திரண்டு எஞ்சினை விளக்கினார்கள்.

பரிசோதகர் படிவத்தை மடித்தார். “வெட்டிப் பாப்பம். தகடு உள்ளுக்குத்தானே கிடக்கும்.”

“வெட்டினா ஓடாது சேர்,” என்றாள் மனோரஞ்சிதம்.

“நம்பர் தெரியாட்டி ஓடவும் ஏலாதம்மா.”

மரியநாயகம் தாம் இரும்புக்குத்தான் பழகியவர் என்று விலகினார். இறைச்சிக்கடைக்காரரைக் கூப்பிட்டார்கள், இது எந்த மிருகம் என்று தெரியாமல் கத்தி வைக்க மாட்டேன் என்று அவரும் மறுத்தார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்பிகைபாகன் முன்னே வந்தார். அவர் கையில் அவருடைய வீட்டு அடுப்படிக் கத்தி இருந்தது. மனோரஞ்சிதம் பதினான்கு ஆண்டு பலாக்காய் நறுக்கிய கத்தி.

“ரஞ்சி, தள்ளி நில். ரெண்டு வெட்டில முடிஞ்சிடும்,” என்றார் அவர் அன்போடு. “உன்ர அறை வெள்ளையடிச்சுக் கிடக்கு. மச்சாள் புதுப்பாயும் வாங்கி வச்சிருக்கிறா.”

இவ்விடத்தில் கதையின் வடிவங்கள் பிரிகின்றன. அவள் அழுதாள் என்கிறார்கள் நால்வர், சிரித்தாள் என்கிறார் ஒருவர். அடுத்து அவள் செய்ததில் பிரிவில்லை. அவள் வலது கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டினாள், எஞ்சினின் வாய்க்கு முன்னால் போய் நின்றாள், தொங்கிய உதட்டை இடது கையால் உயர்த்தினாள், வலது கையை உள்ளே விட்டாள். விரல்கள் போயின, மணிக்கட்டுப் போனது, முழங்கை போனது. அது அவளை விழுங்குவதுபோல் ஒவ்வொரு விரற்கடைக்கும் ஒரு சப்புச் சத்தம் எழுப்பியது. தோள்வரை போனபின் அவளுடைய கன்னம் அந்த ஈரச் சவ்வின்மேல் அமுங்கியது, ஓர் ஈ அவள் இமையில் வந்து இருந்தது. பார்த்து நின்றவர்களில் மூவர் அவ்விடத்திலேயே ஓங்காளித்துச் சத்தி எடுத்தார்கள். தேநீர்க்கடையில் அன்று ஒரு வடைகூட விலைப்படவில்லை.

“தகடு அம்பிடுது, சேர்,” என்றாள் அவள், பல்லைக் கடித்தபடி. “எழுத்து வெட்டியிருக்கு. விரலுக்குத் தெரியுது. வாசிக்கட்டே?”

“வாசியுங்கோ.”

அவள் வாசித்தாள். ஓர் இலக்கம் சொன்னாள், நிறுத்தினாள், உள்ளே தடவினாள், முகம் சுளித்தாள், அடுத்த இலக்கம் சொன்னாள். பரிசோதகர் புத்தகத்தை விரித்து ஒவ்வொன்றின் கீழும் பேனையால் ஒரு புள்ளி வைத்தார். கடைசி இலக்கம்வரை எல்லாம் பொருந்தின.

“பொய், சேர்!” என்றார் அம்பிகைபாகன். “புத்தகத்தைப் பாடமாக்கி வச்சுச் சொல்லுறாள்.”

மனோரஞ்சிதம் கையை இழுத்து எடுத்தாள். அது தோளிலிருந்து நகம்வரை கோழைபோன்ற ஒன்றால் மூடி, நூல்நூலாகத் தொங்கியது. “அப்ப நீங்களே விட்டுப் பாருங்கோ, அண்ணை,” என்றாள்.

அம்பிகைபாகன் கத்தியை மரியநாயகத்திடம் கொடுத்துவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி வேட்டி மடிப்பில் வைத்து, கையை நீட்டினார். விரல் நுனி நுழைந்தது. மணிக்கட்டுவரைகூடப் போகவில்லை; உள்ளே என்னவோ அவருடைய சுண்டுவிரலை நக்கியது என்றார் பிற்பாடு. அவர் கையைப் பறித்தெடுத்து, திரும்பி, பரிசோதகரின் சப்பாத்தின்மேல் காலையுணவு முழுவதையும் கக்கினார்.

“சேர் ஒருக்கா பாக்கிறியளோ?” என்று மனோரஞ்சிதம் மரியாதையாகக் கேட்டாள்.

பரிசோதகர் எஞ்சினின் வாயைப் பார்த்தார். அது திறந்தது, மூடியது. தம்முடைய வெள்ளைச் சட்டையின் கைநுனியைப் பார்த்தார், அங்கிருந்த பித்தானைத் திறக்காமலே தடவினார். பின்னர் படிவத்தை அம்பிகைபாகனின் முதுகின்மேல் வைத்து, அவர் இன்னும் குனிந்துதான் நின்றார், ‘சைட்வால்வு. பொருந்துகிறது’ என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

உள்ளே தகடு இருந்ததா என்று நான் எல்லாரிடமும் கேட்டேன். இருந்தது என்பார் ஐவர். மரியநாயகத்திடம் மட்டும் அவள் அன்று பின்னேரம் சொன்னாளாம்: “அங்க தகடுமில்லை ஒண்டுமில்லை அண்ணை. நாக்கு மாதிரி ஒண்டு. நான் நம்பர் சொல்லச் சொல்ல, விரலை ஒவ்வொண்டாச் சப்பிக்கொண்டிருந்துது.” சொல்லும்போதே அவளுக்கு உடம்பு கூசியது என்றார் அவர், கேட்டுக்கொண்டிருந்த தமக்கும்தான்.

கார் ஓடியது. கையின் வெடில்தான் போகவில்லை. அவள் சவுக்காரம் போட்டாள், தேசிக்காய் தேய்த்தாள், சாம்பலும் புளியும் தேய்த்தாள், மண்ணெண்ணெயில் ஊறவைத்தாள். ஏழு நாளும் கிணற்றடியில் நின்று தோல் சிவக்க உரஞ்சினாள், ஏழு நாளும் சாப்பாட்டை இடது கையால் அள்ளி, அதையும் பாதியில் வைத்தாள். எட்டாம் நாள் அவளுடைய மச்சாள், அம்பிகைபாகனின் மனைவி, படலையைத் திறந்துகொண்டு வந்தாள்.

“ரஞ்சி, சரி, காரை நீ ஓடு, ஆர் வேண்டாமெண்டது?” என்றாள். “எங்கட மகளின்ர கலியாணம் வருது. ஒரு பத்து நாளைக்கு வந்து அடுப்படியைப் பார். பிறகு உன்ர விருப்பம். அறையும் சும்மாதானே கிடக்கு.”

மனோரஞ்சிதம் ஈரம் சொட்டும் வலது கையை அவளுடைய முகத்துக்கு நேரே நீட்டினாள்.

மச்சாள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வேலிவரை ஓடினாள். அங்கே குனிந்து நின்று, மூச்சு வந்ததும், “உந்தக் கையோட இனி எங்கட அடுப்படிப் பக்கம் வந்திடாதை, சொல்லிப்போட்டன்! சாகுமட்டும் வந்திடாதை!” என்று கத்தினாள்.

மனோரஞ்சிதம் அவள் கத்தி முடியும்வரை நின்றாள். பிறகு கிணற்றுக்கட்டில் கிடந்த சவுக்காரத்தையும் பாதி வெட்டிய தேசிக்காய்களையும் ஒரு பையில் போட்டு, கொண்டுபோய் வேலியின் மேலால் நீட்டினாள். “இந்தாங்கோ மச்சாள், உங்களுக்குத்தான் இது தேவைப்படும். கலியாணவீடு, பாத்திரம் கனக்க விழும்,” என்று சொல்லிவிட்டு, வெடில் போகாத கையால் கார்க் கதவைத் திறந்து, கார் வரக்கூடாதென்று கோயில் தடுத்த கிழக்கு வீதியால் ஓட்டிக்கொண்டு போனாள்.